பட்டியலில் இல்லாத பொடி: மெக்ஃபேடன் வழக்கு

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்தபடி வெள்ளைப் பொடி விற்ற மெக்ஃபேடன் என்பவர் மீது 2011-ல் தொடங்கிய வழக்கு இது. அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்கத் துறையின், அதாவது டிஇஏ-வின், இணையதளத்தில் தடைப் பட்டியலைப் பார்த்தேன், என் பொடியில் இருந்த எதுவும் அதில் இல்லை என்பது அவருடைய வாதம். பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். அரசுத் தரப்பும் அதை மறுக்கவில்லை. இருந்தும் ஜூரி ஒன்பது குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை 33 மாதச் சிறை.

பட்டியலில் இல்லாத ஒன்றை விற்றதற்கு எப்படிச் சிறை? இந்தக் கேள்வி கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூன் 18 அன்று வந்த தீர்ப்பின் பெயர் மெக்ஃபேடன் எதிர் அமெரிக்க அரசு. போதைப்பொருள் சட்டங்களைப் படிக்கிறவர்கள் இதை 'தெரிந்தே' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்ன வழக்கு என்பார்கள். எனக்கு இந்த வழக்கில் சுவாரசியமாகப் படுவது வேறு: எதைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லையோ, அது.

சார்லட்ஸ்வில் வீடியோ கடை

வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற ஊர். அங்கே ஒரு வீடியோ வாடகைக் கடையில் 'குளியல் உப்பு' விற்பதாகத் தெரிந்து 2011 ஜூலையில் போலீஸ் விசாரிக்கத் தொடங்கியது. குளியல் உப்பு என்பது அந்தக் காலத்தில் ஒரு வகைச் செயற்கைப் போதைப் பொடிகளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். யாரும் அதைத் தண்ணீரில் போட்டுக் குளிக்கவில்லை. கடைக்குச் சரக்கு அனுப்பியவர்களில் ஒருவர் மெக்ஃபேடன். 'ஆல்ஃபா', 'நோ ஸ்பீடு', 'தி நியூ அப்' என்று பொட்டலங்களுக்குப் பெயர். கடைக்காரர் போலீசுக்கு ஒத்துழைக்கச் சம்மதித்தார். தொலைபேசிப் பேச்சுகள் பதிவாயின. அந்தப் பேச்சுகளில் மெக்ஃபேடன் தன் பொடியைக் கொக்கைனோடும் மெத் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமினோடும் ஒப்பிட்டுப் பேசினார்.

பொட்டலத்தின் மேல் 'மனிதர்கள் உட்கொள்வதற்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. இன்னொரு வாசகமும் இருந்தது: கீழ்க்கண்ட பொருட்களோ அவற்றின் அனலாக்குகளோ, அதாவது அவற்றை ஒத்த வேதிப்பொருட்களோ, இதில் இல்லை. அதன் கீழே பெயர்களின் வரிசை. அனலாக் என்ற சொல்லையே பொட்டலத்தில் போட்டு விற்ற ஒருவர், தடைசெய்த பொருளை ஒத்ததையும் தடுக்கும் அனலாக் சட்டம் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு சொல் தெரிந்திருப்பதும், தன் கையில் இருப்பது அந்தச் சொல்லுக்குள் வருகிறது என்று தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. இந்த இடைவெளியில்தான் வழக்கு முழுவதும் நின்றது.

பொடிகளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். எம்டிபிவி, மெத்திலோன், 4-எம்இசி என்று மூன்று பொருட்கள் கிடைத்தன. மூன்றும் கேத்தினோன் குடும்பம். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் மெல்லும் காட் இலையில் இயற்கையாக இருக்கும் கிளர்ச்சிப் பொருள்தான் கேத்தினோன். ஆம்ஃபெட்டமின் என்ற கிளர்ச்சி மருந்தின் மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு ஆக்சிஜன் அணுவை ஒட்டினால் வரும் வடிவம் அது. எக்ஸ்டசி என்று ஊரறிந்த எம்டிஎம்ஏ-வுக்கும் மெத்திலோனுக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஒரு ஆக்சிஜன்தான். எம்டிஎம்ஏ 1985-லிருந்து தடை. மெத்திலோன் அந்த 2011 கோடையில் மத்தியப் பட்டியலில் இல்லை. எம்டிபிவி-யும் மெத்திலோனும் அதே ஆண்டு அக்டோபர் 21 அன்றுதான் அவசர ஆணையால் பட்டியலுக்குள் வந்தன.

1986-ல் போட்ட வலை

இப்படி ஒரு அணுவை மாற்றிவிட்டுத் தப்பிப்பது புதிய தந்திரம் அல்ல. 1979-ல் கலிபோர்னியாவில் 'சைனா வொயிட்' என்ற பெயரில் விற்ற பொடியை எடுத்துக்கொண்டு ஆட்கள் இறந்தார்கள். ஹெராயின் என்று நினைத்துச் சோதித்தால் ஹெராயின் இல்லை. ஃபென்டனில் என்ற வீரியமான வலிநிவாரணியில் மெத்தில் என்ற சிறு அணுத் தொகுதி ஒன்றைக் கூடுதலாக ஒட்டிய ஆல்ஃபா-மெத்தில்ஃபென்டனில் அது. 1982-ல் நடந்தது இன்னும் கொடுமை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வலிக்குப் போடும் பெத்திடின் ஊசி தெரியுமல்லவா, அதன் மாற்று வடிவமான எம்பிபிபி-யைக் கள்ளத்தனமாகச் செய்தவர் பக்குவம் தவறிவிட்டார். எம்பிடிபி என்ற நச்சு அதில் கலந்துவிட்டது. அதை ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் கல்லாய் உறைந்து போனார்கள். முதியவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயின் முற்றிய நிலை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கே அது ஒரு திருப்பமாக ஆனது தனிக் கதை.

சட்டத்தின் பார்வையில் அந்தப் பொடிகளைச் செய்தவர்கள் அன்று தடைசெய்த எதையும் செய்யவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1984-ல் அவசரமாகப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதுவும் போதவில்லை. ஒரு பெயரைச் சேர்ப்பதற்குள் அடுத்த பெயர் சந்தைக்கு வந்துவிடும். ஆகவே 1986-ல் அனலாக் சட்டம் வந்தது. பெயர்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஒப்புமையைப் பிடிப்பதுதான் அதன் யோசனை.

சட்டம் வைத்த நிபந்தனைகள் மூன்று. அந்தப் பொருளின் வேதி அமைப்பு, தடைப் பட்டியலில் கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் அல்லது இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு பொருளின் அமைப்போடு 'கணிசமாக ஒத்திருக்க' வேண்டும். நரம்பு மண்டலத்தில் அதன் விளைவும் கணிசமாக ஒத்தோ, கூடுதலாகவோ இருக்க வேண்டும். அல்லது அப்படி ஒரு விளைவு உண்டு என்று விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டும், அந்த நோக்கத்தோடாவது விற்றிருக்க வேண்டும். மனிதர்கள் உட்கொள்வதற்காக என்றால், அதை முதல் அட்டவணைப் பொருளாகவே நடத்தலாம். பொட்டலத்தில் 'உட்கொள்வதற்கு அல்ல' என்று எழுதியது இந்தக் கடைசி வரிக்காகத்தான். ஜூரிகள் பொதுவாக அதற்கு மயங்கவில்லை. 2018-ல் சட்டத்தையே திருத்தி, அந்த லேபிள் மட்டும் தப்பிக்கப் போதாது என்று எழுதிவிட்டார்கள். எதற்காக விற்கிறோம் என்று சொல்கிறார்களோ அந்தப் பொருளின் வழக்கமான விலையையும், இவர்கள் விற்ற விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. நியாயமான யோசனை. கிராம் கணக்கில் எடைபோட்டு விற்கும் குளியல் உப்பை யார் வாளியில் கொட்டுவார்கள்?

கணிசமாக என்றால் எவ்வளவு?

சிக்கல் முதல் நிபந்தனையில். இரண்டு மூலக்கூறுகள் 'கணிசமாக' ஒத்திருக்கின்றன என்பதை அளக்க வேதியியலில் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. தாளில் வரைந்தால் ஒன்றுபோல் தெரிவது, உடம்பில் வேறாக நடக்கலாம்.

1992-ல் கொலராடோவில் நடந்த ஃபோர்ப்ஸ் வழக்கு இதை அப்பட்டமாகக் காட்டியது. அங்கே சிக்கிய பொருள் ஆல்ஃபா-எத்தில்டிரிப்டமின், சுருக்கமாக ஏஇடி. 1960-களின் தொடக்கத்தில் அப்ஜான் நிறுவனம் 'மோனேஸ்' என்ற பெயரில் மனச்சோர்வு மாத்திரையாக விற்றுவிட்டு, ரத்த அணுக்களைப் பாதித்ததால் திரும்பப் பெற்ற மருந்து. தடைப் பட்டியலில் இருந்த டிஎம்டி, டிஇடி என்ற மாயத்தோற்றப் போதைப்பொருட்களின் அனலாக் இது என்றது அரசு. வேதியியலாளர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். அடிப்படைச் சட்டகம் ஒன்று என்று ஒரு பக்கம். அது முதனிலை அமின் (நைட்ரஜனோடு ஒரு கரிமத் தொகுதி), மற்றவை மூன்றாம்நிலை அமின் (மூன்று தொகுதிகள்), இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று மறுபக்கம். நிபுணர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லாதபோது சாதாரண மனிதர் எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வார் என்று கேட்டு, இந்தப் பொருளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவற்றது, செல்லாது என்றார் நீதிபதி லூயிஸ் பாப்காக். அமைப்பு ஒப்புமை கட்டாயம் வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணத்தையும் மறக்க முடியாது: விளைவு மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் மதுவும் காபியில் இருக்கும் கஃபீனும்கூட அனலாக் ஆகிவிடும். அடுத்த ஆண்டே டிஇஏ, ஏஇடி-யைப் பெயர் சொல்லி அவசரப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அந்த வழி எப்போதும் திறந்தே இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மெக்ஃபேடன் வழக்கின் பொடிகளுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். மெத்திலோன் எளிது; ஒரு ஆக்சிஜன்தான். 4-எம்இசி-யும் முதல் அட்டவணையில் உள்ள மெத்கேத்தினோனுக்கு நெருங்கிய சொந்தம். எம்டிபிவி அப்படி இல்லை. அதில் நைட்ரஜனைச் சுற்றி ஒரு வளையம், நீண்ட கரிமச் சங்கிலி, மறுமுனையில் இன்னொரு வளையம். அதன் மிக நெருங்கிய உறவு பைரோவலரோன் என்ற பழைய மருந்து. பைரோவலரோன் அமெரிக்காவில் ஐந்தாம் அட்டவணையில், அதாவது கட்டுப்பாடு மிகக் குறைந்த அட்டவணையில் இருக்கிறது. அனலாக் சட்டமோ முதல் இரண்டு அட்டவணைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அண்ணனை விட்டுவிட்டுச் சித்தப்பா முகஜாடையை வைத்து ஆளைப் பிடிப்பது போல. ஜூரி ஏற்றுக்கொண்டது, தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜூரியில் வேறு பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் அதையும் தவறு என்று சொல்லியிருக்க முடியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு வழக்கில் ஜூரி 'இது அனலாக்' என்று சொன்னால் அது அந்த வழக்குக்கு மட்டும்தான். பட்டியலில் ஏறாது. அடுத்த ஊரில் அதே பொடிக்கு மறுபடியும் நிபுணர்கள் வர வேண்டும், மறுபடியும் படம் வரைய வேண்டும்.

தெரிந்தே என்றால் எதைத் தெரிந்து?

விசாரணை நீதிமன்றத்துக்கு வருவோம். போதைப்பொருள் சட்டம் 'தெரிந்தே அல்லது வேண்டுமென்றே' விநியோகிப்பதைத்தான் குற்றம் என்கிறது. ஆகவே அமைப்பு ஒப்புமையும் விளைவு ஒப்புமையும் மெக்ஃபேடனுக்குத் தெரிந்திருந்ததா என்று ஜூரி பார்க்க வேண்டும் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார். நீதிபதி மறுத்தார். அந்த விளைவு உள்ள பொருளை, மனிதர்கள் உட்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு தெரிந்தே கொடுத்தாரா என்று பார்த்தால் போதும் என்றார். நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-ல் அதையே உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கீழே ஜெயித்த தீர்ப்பை அப்படியே காப்பாற்ற அரசே முன்வரவில்லை. ஏதோ ஒரு அறிவு தேவைதான், ஆனால் அந்தப் பொருள் ஏதாவது ஒரு சட்டத்தின்படி தடை அல்லது கட்டுப்பாடு உள்ளது என்று தெரிந்திருந்தால் போதும் என்றது அரசு. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. ஏதாவது ஒரு சட்டம் என்றால் எல்லை ஏது? பூச்சிமருந்துக்கும் பட்டாசுக்கும்கூட விதிகள் உண்டு.

மெக்ஃபேடன் கேட்டதையும் முழுதாகத் தரவில்லை. தாமஸ் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரியாவிட்டாலும், அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழோ அனலாக் சட்டத்தின் கீழோ கட்டுப்பாட்டில் உள்ளது என்று தெரிந்திருப்பது. மற்றது, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாவிட்டாலும், அந்தப் பொருள் எது, அதை அனலாக் ஆக்கும் தன்மைகள் என்ன என்று தெரிந்திருப்பது. ஹெராயின் என்று தெரிந்து விற்றவர், ஹெராயின் பட்டியலில் உள்ளது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அதே தர்க்கம்தான் இது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் முடிவை ஏற்றுக்கொண்டு இந்த ஹெராயின் பகுதியில் மட்டும் தயங்கித் தனியாக எழுதினார். தண்டனையை உறுதிசெய்த நான்காம் வட்டாரத் தீர்ப்பை ரத்துசெய்வதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். ஜூரிக்குச் சொன்ன பிழையான விளக்கம் முடிவை மாற்றியிருக்குமா என்று பார்க்க வழக்கு கீழே போனது. நான்காம் வட்டாரம் 2016-ல் சில குற்றச்சாட்டுகளில் தண்டனையை உறுதிசெய்து, சிலவற்றில் ரத்துசெய்தது.

சரி, 'கணிசமாக' என்ற சொல் தெளிவற்றது என்ற வாதம் என்ன ஆனது? மெக்ஃபேடன் அதையும் எழுப்பினார். தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால் தெளிவின்மை பற்றிய கவலை குறைகிறது என்று சொல்லி நீதிமன்றம் அதைச் சில வரிகளில் கடந்துவிட்டது. எனக்கு இது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவதாகத் தோன்றுகிறது. ஒரு பொருள் 'கணிசமாக ஒத்திருக்கிறதா' என்று நிபுணர்களுக்கே உறுதியாகத் தெரியாதபோது, அது விற்கிறவருக்குத் தெரிந்திருந்தது என்று எப்படி நிரூபிப்பது? முதல் வழிக்குச் சாட்சியம் கிடைக்கும்: பொருளை ஒளித்து வைத்தது, போலீசைக் கண்டு மழுப்பியது, தொலைபேசியில் ரகசியக் குரலில் பேசியது. இரண்டாவது வழிக்கு விற்கிறவர் மூலக்கூறைப் பற்றி ஏதாவது தெரிந்தவராக இருக்க வேண்டும். பெட்டிக்கடைக்காரர்களில் எத்தனை பேர் அப்படி?

இந்தக் கேள்வி சீக்கிரமே வந்தது. அதே 2015-ன் இறுதியில் ஓக்லஹோமாவின் ஒரு சிறு கடை பற்றிய மக்கார் வழக்கு பத்தாம் வட்டார நீதிமன்றத்துக்கு வந்தது. கடையில் விற்றது வாசனைத் தூள் என்ற பெயரில் வந்த செயற்கைக் கஞ்சாப் பொருள். அதிகாரிகள் சந்தேகம் கேட்டபோது, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள், முடிவு வரும்வரை விற்பதை நிறுத்திவைக்கிறோம் என்று கடைக்காரர்களே முன்வந்திருந்தார்கள். இருந்தும் தண்டனை. புகைத்தால் கஞ்சா போல் இருக்கும் என்று தெரிந்திருந்ததால் வேதி அமைப்பும் ஒத்தது என்று தெரிந்திருந்ததாக ஜூரி ஊகிக்கலாம் என்று விசாரணை நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்போது பத்தாம் வட்டார நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நீல் கோர்சச் இதை உடைத்தார். விளைவு ஒன்று என்பதால் அமைப்பும் ஒன்று என்று ஆகாது. சட்டம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்போது ஒன்றைக் காட்டி மற்றதைச் சேர்த்து எழுதிக்கொள்ள அரசுக்கு அனுமதி இல்லை என்றார். தண்டனை ரத்தானது.

வேறு வழிகள்

பிரிட்டன் பல காலமாக வேறு பாதையில் போகிறது. ஒரு சட்டகத்தை எழுதி, அதில் எந்தெந்த இடத்தில் எந்தெந்த மாற்றம் செய்தாலும் தடை என்று பொதுவரையறை தருவது. வேதியியல் படித்தவர் அதைப் பார்த்தால் உள்ளே வருகிறதா வெளியே நிற்கிறதா என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். 2016-ல் அதையும் தாண்டி, மனதைப் பாதிக்கும் எந்தப் பொருளையும் தயாரிப்பதும் விற்பதும் குற்றம், விதிவிலக்குகள் மட்டும் இவை என்று தலைகீழாக ஒரு சட்டத்தைப் போட்டார்கள். மது, புகையிலை, கஃபீன் எல்லாம் அந்த விதிவிலக்கில். பாப்காக்கின் காபி அங்கே பெயர் சொல்லித் தப்பித்தது.

இந்தியாவின் போதைப்பொருள் சட்டமான 1985 என்டிபிஎஸ் சட்டத்தில் அனலாக் என்ற ஏற்பாடே கிடையாது. அட்டவணையில் பெயர் இருக்க வேண்டும்; புதிய பெயரை மத்திய அரசு அறிவிக்கை மூலம் சேர்க்கலாம். மும்பையில் 'மியாவ் மியாவ்' என்று விற்ற மெஃபெட்ரோன், எம்டிபிவி, மெத்திலோன் போல அதுவும் கேத்தினோன் குடும்பம், 2015 பிப்ரவரியில்தான் அட்டவணையில் ஏறியது. பிரிட்டன் அதை 2010-லேயே தடை செய்திருந்தது. அந்த இடைவெளியில் இங்கே விற்றவரை என்டிபிஎஸ் சட்டத்தால் தொட முடியவில்லை. இது ஓட்டைதான். ஆனால் அரசிதழைப் பார்த்தால் எது குற்றம் என்று தெரிந்துவிடும். இரண்டில் எது மேல் என்று கேட்டால், அறிவிக்கையை வேகமாகப் போடுங்கள் என்பேன். ஒருவர் சிறைக்குப் போக வேண்டுமா என்பதை இரண்டு படங்களின் ஜாடையை வைத்துத் தீர்மானிப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அமெரிக்காவே ஃபென்டனில் விஷயத்தில் அனலாக் சட்டத்தை நம்பி இருக்கவில்லை. 2018 பிப்ரவரியில் டிஇஏ ஃபென்டனிலின் சட்டகத்தை வரையறுத்து, இன்னின்ன இடங்களில் மாற்றிய எதுவும் தற்காலிகமாக முதல் அட்டவணை என்று ஆணையிட்டது. பலமுறை நீட்டித்த பிறகு 2025 ஜூலையில் அது நிரந்தரச் சட்டமானது. 'கணிசமாக' என்ற சொல் அங்கே இல்லை. எந்த அணு, எந்த இடம் என்று இருக்கிறது.

மெக்ஃபேடன் விற்ற பொடிகளில் மிச்சம் இருந்த 4-எம்இசி 2014 மார்ச்சில் தற்காலிகமாகப் பட்டியலில் ஏறியது. அந்த மார்ச்சில் அவருடைய மேல்முறையீடு நான்காம் வட்டார நீதிமன்றத்தில் இன்னும் நிலுவையில் இருந்தது.